மார்த்தாளின் மயில்கழுத்துப் புடவை

மாப்பிள்ளை,

எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் முழங்கால்கள் இரண்டும் இப்போதெல்லாம் பேச்சுக் கேட்பதில்லை. முக்காலியில் உட்கார்ந்து குளித்துவிட்டு எழுந்திருப்பதற்குள் ஆண்டவரை நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. சுவரில் கைப்பிடி, மேலே ஷவர், வழுக்காத தரை என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. காலையிலிருந்து வீடு முழுக்கச் சிமென்ட் தூசி.

மேலே வென்டிலேட்டரை நெம்பிக்கொண்டிருந்த கொத்தனார் கையில் எதையோ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "சார், மேல கருப்பா ஒரு கண்ணாடித் துண்டு வெச்சி பூசி இருந்துச்சு. வோணுமா, குப்பைல போட்டுடவா?" என்றார். நான் போட்ட சத்தத்தில் மனிதர் நடுங்கிப்போனார். "இங்க குடுப்பா! பாத்து, பாத்து!" என்று இரண்டு கையாலும் வாங்கித் துண்டால் துடைத்தேன். ஓரமெல்லாம் சுண்ணாம்பும் சிமென்டும். மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுகந்தி வந்து பார்த்தாள். உன்னை வாய் நிறைய அண்ணா அண்ணா என்று கூப்பிட்டவள், நேராக அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

உனக்கும் எனக்கும் இருந்த உறவே ஒரு கேலிக்கூத்து. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் கிள்ளிக்கொண்டிருந்தோம். என் தங்கை ரூபியை நீ கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஊர் முன்னால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று மரியாதை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆள் நகர்ந்ததும் பழையபடி வாடா போடா. நீ பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டாய். நான் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் படித்தேன். நான் உன்னைச் சாயக்காரா என்பேன். நீ என்னை மீட்டர்காரா என்பாய். எந்த நேரமும் நகக்கண்ணில் நீலமும் சிவப்புமாக ஒரு மனிதன் சர்ச்சில் திருவிருந்து அப்பத்துக்குக் கையை நீட்டுவதைப் பார்த்து எத்தனையோ பாதிரி ஐயர்மார் முதல் தடவை திகைத்திருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு ரூபி நம் வழக்கப்படி வெள்ளைப் பட்டுதான் கட்டினாள். அதற்கடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு நீ உன் கையால் சாயம் போட்டு, பக்கத்து வீட்டுத் தறியில் நெய்து வாங்கிக் கொடுத்தாயே, அதுதான் அந்த மயில்கழுத்துப் புடவை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. நிற்கும்போது நீலமாகத் தெரியும், நடந்தால் பச்சை ஓடும். அவள் சர்ச்சுக்குள் நுழைந்தபோது பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னாடி, சாயப் பட்டறையே உன் மேல கவுந்துடுச்சா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் அதே புடவைதான். வேறு எடுத்துக் கொடுத்தாலும் கட்டமாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சபைப் பெண்கள் வந்து அவளைக் குளிப்பாட்டி, பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே நல்லதாக ஒரு புடவை எடுத்துக் கட்டினார்கள். எதை எடுப்பார்கள்? அதைத்தான் எடுத்தார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள், நீயும் தலையை ஆட்டினாய். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாய். அந்தப் புடவையோடேயே அவளை அடக்கம் செய்தோம்.

கொஞ்ச நாள் கழித்து நீ வீட்டுக்கு வந்தாய். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தாய். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஸ்டுடியோவில் நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது. கருப்பு வெள்ளை.

"மூஞ்சி இருக்குது மச்சான். கலரு எங்க இருக்குது? ஒரு நூலு கூட எடுத்து வெக்கலடா நான்" என்றாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. சாயம் போடுகிறவனுக்கு ஒரு நிறம் போனால் இன்னொரு நிறம் என்று சும்மா இருந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பட்டறையில் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு நீ தினமும் அந்த நீலத்தையும் பச்சையையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. அந்தக் காலத்துச் சாயப்பொடி இப்போது வருவதில்லை. பாலாற்றுத் தண்ணீரும் அந்தத் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு தடவையும் நூலைப் பிழிந்து வெளியில் கொண்டுவந்து பார்ப்பாய், "இது இல்ல" என்று போட்டுவிடுவாய். கண்ணுக்குள் இருப்பதும் நாளாக ஆகக் கரைந்துவிடுமோ என்று உனக்குப் பயம். அதை நீ என்னிடம் சொன்னாய், வேறு யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு உன்னைப் பார்க்கவே முடியவில்லை, மாப்பிள்ளை. அவள் எனக்கும் தங்கைதான். ஆனால் நான் அழுதுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். நீ பட்டறையிலேயே நின்றுவிட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் சர்ச்சைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது. பீடத்துக்கு மேலே கிழக்குச் சுவரில் இருந்த பெரிய ஜன்னலில், மரச்சட்டம் இற்றுப்போய், வருஷக் கணக்காகத் தகரம் அடித்திருந்தது. காற்றடித்தால் பிரசங்கத்தோடு அதுவும் சேர்ந்து பேசும். கமிட்டியில் அதைப் பற்றிப் பேச்செடுத்ததும் நீ எழுந்தாய். "அந்த ஜன்னலு நான் செஞ்சி தர்றேன். கலர் கண்ணாடி போட்டு, ரூபி பேருல" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தப் படம் போடலாம் என்று ஐயர் கேட்டார். சபைப் பணத்துக்குப் பொறுப்பான பொக்கிஷதாரர், காந்தி ரோட்டில் பட்டுக் கடை மேனேஜராக இருந்தாரே அவர், "ஆட்டுக்குட்டியோட நல்ல மேய்ப்பர் போட்டா பொதுவா இருக்கும்" என்றார்.

"மார்த்தாள்" என்றாய் நீ.

ஆண்டவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது தங்கை மரியாள் காலடியில் உட்கார்ந்து வசனம் கேட்க, அடுப்படியில் கிடந்து அல்லாடிவிட்டு, 'இவள் எனக்கு உதவி செய்யவில்லையே' என்று வந்து முறையிட்டு, அவரிடமே பேச்சு வாங்கிக்கொண்டவள் மார்த்தாள். அவளைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு மேலே வைக்கிறதா? எனக்கே தாங்கவில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் யோசிச்சிப் பேசுங்க" என்று பல்லைக் கடித்தேன்.

நீ யோசித்துத்தான் பேசினாய். அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ், யாருடைய கல்யாணம், யாருடைய துக்கம் என்றாலும் நம் சர்ச் பின்பக்கத்தில் குண்டானுக்குப் பின்னால் நின்றவள் ரூபி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வசனத்தின்மேல் பிரசங்கம் ஆனது; மரியாளே நல்லவள் என்று முடிந்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே ரூபி சொன்னாள்: "ரெண்டு பேரும் உக்காந்துக்கினு இருந்தா ஆண்டவருக்கு சோறு யாரு போட்றது?" இதை நீ கமிட்டியில் அப்படியே சொன்னதும் ஐயர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரும் அவள் கையால் சாப்பிட்டவர்தானே. கடைசியில் ஆண்டவர் நடுவில், மரியாள் காலடியில், மார்த்தாள் வாசல் பக்கம் கையில் பாத்திரத்தோடு என்று முடிவாயிற்று.

"பொடவ மயில்கழுத்து" என்று சேர்த்தாய்.

"மார்த்தாள் ஊரு பெத்தானியால ஏதுங்க மயில்கழுத்து?" என்றார் பொக்கிஷதாரர்.

"வெள்ளக்காரன் அவன் சர்ச்சுல அவன் ஊர் துணியத்தான போட்டு வரைஞ்சிக்கினான்? நம்ம சர்ச்சுல நம்ம ஊர் பொடவ கட்னா இன்னா?"

அப்புறம் எந்தக் கண்ணாடிப் பட்டறையிடம் வேலையைக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. நீயும் நானும் கிளம்பினோம்.

முதலில் சென்னை. கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய ஒருத்தர். மயில்கழுத்து என்று நீ ஆரம்பித்ததுமே, "எந்த கலர் வேணும்னாலும் போட்டுத் தர்றோம் சார்" என்று ஒரு அட்டையை நீட்டினார். அவர்கள் சாதாரணக் கண்ணாடிமேல் பெயின்டால் வரைகிறவர்கள். மாதிரிக்கு ஒரு துண்டு உடனே செய்து கொடுத்தார்கள். நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று இருந்தது. எனக்கு அங்கேயே திருப்தி. "முடிச்சிட்லாம்டா" என்றேன். "இன்னொரு எடம் பாப்பம்" என்றாய். பட்டு எடுக்க வந்த மாமியார் கூட அவ்வளவு தயங்கமாட்டாள்.

இன்னொரு இடம் பெங்களூரில், யாரோ சொல்லி விசாரித்தது. வேலூர் வழியாகப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம், கொட்டுகிற மழை, கரண்ட் வேறு இல்லை. நம் வயதுதான் இருக்கும் பட்டறை வைத்திருந்த அந்தம்மாவுக்கு. கவுன் போட்டுக்கொண்டு, விரலெல்லாம் பிளாஸ்திரி. ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு உன்னைப் பேசச் சொன்னாள். நீ பேசினாய். புடவையின் நிறத்தில் தொடங்கி, ரூபி அதைக் கட்டிக்கொண்டு படியேறும்போது எப்படி மாறும் என்பது வரை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். அந்தம்மா கேட்டுவிட்டு, மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் எதையெதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பிறகு ஒரு துண்டைப் பேப்பரில் சுற்றி உன் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் கருப்பு.

"இது கருப்பா இருக்குதேம்மா?" என்றாய்.

"காலை வெளிச்சத்துல பாருங்கோ சார். மார்னிங் லைட்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "பாவம், கரண்ட் இல்லாத நேரத்துல எதையோ எடுத்து குடுத்துட்டா" என்றாய். நானும் ஆமாம் போட்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அந்தம்மா சொன்னபடியே காலை வெளிச்சத்தில்தான் பார்த்தோம். எப்படிப் பார்த்தோம்? பொக்கிஷதாரர் கடையில் செய்கிற மாதிரியே ஐயர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையின் மேஜையை வாசல் பக்கம் இழுத்துப்போட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, சுருக்கம் நீவி, அதன்மேல் இரண்டு துண்டையும் வைத்தார். கமிட்டி முழுக்க மேஜையைச் சுற்றி நின்று, முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் போலக் குனிந்து குனிந்து பார்த்தது. சென்னைத் துண்டு பளிச்சென்று இருந்தது. பெங்களூர்த் துண்டு வாணலி அடி மாதிரி கிடந்தது. "இத்தப் போய் யாருங்க ஜன்னல்ல வெப்பாங்க?" என்றார் பொக்கிஷதாரர்.

இந்த ஊர்க் கண்ணுக்கு அது ஒன்றுதான் முறை. வெள்ளைத் துணியில் விரிக்க வேண்டும், நம் முதுகுப் பக்கமிருந்து பகல் வெளிச்சம் சரக்கின்மேல் விழ வேண்டும், அப்போதுதான் நிறம் நிறமாகத் தெரியும். பட்டுக்கு அது சரி. தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் தெரியும், அதைக் கடைக்காரர் முன்னால் செய்வது அவரை அவமதிப்பது. இது ஜன்னல், இதற்கு வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்பது அங்கே நின்ற ஒரு தலைக்குள்ளும் ஏறவில்லை. வெளிச்சத்தை விற்கிற இலாகாவில் வேலை பார்த்த என் தலைக்குள்ளும்தான்.

சென்னை என்று ஒரு மனதாகத் தீர்மானம். மறுநாள் பத்து மணிக்கு அவர்கள் ஆள் கையெழுத்து வாங்க வருகிறார் என்றார் ஐயர். உன்னைக் கேட்டபோது, "பரவால்லீங்க" என்றாய். அந்தப் 'பரவால்ல' எனக்குத் தெரியும். சாயம் தப்பிப்போய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றால் நீ நூலைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது. வெளியில் வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "நீலம் இருக்குது, பச்ச இருக்குது மச்சான். அவ இல்ல" என்றாய். கருப்புத் துண்டை என்னிடம் தள்ளிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய்.

அதை நான் கொண்டுவந்து வீட்டில் போட்டேன். சுகந்தி எதையும் வீணாக்குகிற ரகம் இல்லையே. எங்கள் குளியலறை வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி உடைந்துபோய், அந்த ஓட்டை வழியாகக் குரங்கு ஒன்று கையை விட்டுப் புது சோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. "கருப்பா இருக்குது, வெளிய இருந்து எவனுக்கும் ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, அன்றைக்கே அந்தத் துண்டை அங்கே செருகி, சிமென்டைக் குழைத்து அப்பிவிட்டாள்.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உடம்பெல்லாம் சோப்புப் போட்டு, முகத்தைக் கழுவிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். என் தொப்பைமேல் ரூபியின் புடவை கிடந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் பயந்துவிட்டேன். நுரை இருக்கிற இடத்தில் நீலம், நுரை வழிந்த தோலில் பச்சை. மூச்சு இழுத்தால் நீலம் ஏறுகிறது, விட்டால் பச்சை இறங்குகிறது. மேலே பார்த்தேன். அந்த வாணலி அடி, வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. வேட்டியைச் சுற்றிக்கொண்டு, காதில் சோப்போடு சைக்கிளை எடுத்தேன். சுகந்தி பின்னால் கத்தினது கேட்டது. பிள்ளையார்பாளையத்துச் சந்தில் தறிச் சத்தம் இரண்டு மூன்று வீட்டில் நின்றுபோய் ஜன்னல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"குளிக்கிற ரூமுக்கா கூப்ட்ற? மூள கலங்கிடுச்சாடா மீட்டர்காரா?" என்று திட்டிக்கொண்டேதான் என் பின்னால் வந்தாய். உள்ளே நுழைந்ததும் நின்றாய். சுவரில் விழுந்திருந்ததைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பிடித்து அந்த வெளிச்சத்தில் நிறுத்தி, "சோப்பு போட்றா" என்றாய். நான் போட்டேன். வயசான ஆம்பளை, வேட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு, உன் முன்னால் நின்று வயிற்றில் நுரை தேய்த்தேன். "இப்படித் திரும்பு" என்றாய், திரும்பினேன். "மெதுவா" என்றாய். நீலம் ஓடிப் பச்சை வந்தது. நீ ஒற்றை விரலை நீட்டி அந்த நிறம் விழுந்த இடத்தில் வைத்தாய்.

"பாவு நீலம். ஊட பச்ச. இதாண்டா. இதாண்டா மச்சான்."

அப்படியே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதாய். ரூபியை அடக்கம் செய்த அன்றைக்குக் கூட நீ அப்படி அழவில்லை. நானும் அழுதேன், சோப்புக் கண்ணில் போனதென்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று. வெளியில் கதவைத் தட்டிக்கொண்டே சுகந்தி, "ரெண்டு பேரும் உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

பத்து மணிக்குள் தீர்மானத்தை மாற்றியாக வேண்டும். ஐயரையும் பொக்கிஷதாரரையும் ஓடிப்போய்க் கூட்டிவந்தாய். அன்றைக்கு எங்கள் குளியலறையில் சபைக் கமிட்டி கூடியது. பொக்கிஷதாரர் வாசல்படியிலேயே நின்று, "நான் வெளிய இருந்தே பாத்துக்கறேங்க" என்றார். நீ அவர் வெள்ளைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார், சட்டையை இரண்டு விரலால் நீவிப் பார்த்தார். பட்டுக் கடைக்காரருக்குச் சரக்கு எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னைத் துண்டையும் முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். பெயின்ட் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு நின்றது, பிரஷ் போன தடம் தடமாகத் தெரிந்தது. ஐயர் பக்கெட்டுத் தண்ணீரில் கையை விட்டு, விரலில் நீலம் வழிவதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "தேவதூதன் எறங்கி பெதஸ்தா குளத்துல தண்ணி கலங்கிச்சுன்னு எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருப்பேன், இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்றார். "எல்லாரும் இங்கயே கூட்டம் போட்டா காபிய எங்க எடுத்துக்கினு வர்றது?" என்று சுகந்தி கேட்டது அப்போதுதான்.

சென்னைக்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐயர் அவருக்கு அந்தக் காபியைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். நீ அடுத்த பஸ்ஸில் பெங்களூர் போனாய்.

ஜன்னல் வந்து பொருத்தப்பட்டது. அந்தம்மாவே வந்து கூட நின்றாள். மார்த்தாளின் முகத்துக்கு ரூபியின் போட்டோ தரட்டுமா என்று நான் கேட்டேன். "மூஞ்சி வோணாம். பொடவ போதும்" என்று நீ தடுத்துவிட்டாய். அதனால் நம் மார்த்தாள் முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறாள். தெருவிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அவள் கருப்புதான். உள்ளே வந்தால்தான் தெரியும்.

அப்புறம் நீ செய்த கூத்து இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது? காலை ஆராதனையில் பிரசங்கம் தொடங்குகிற நேரத்தில் மார்த்தாளின் புடவை வெளிச்சமாக இறங்கி பெஞ்சுகளுக்கு வரும். வெயில் காலத்தில் ஆண்கள் பக்கம் விழும். நீ அந்த இடம் பார்த்து உட்கார்ந்து, உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொள்வாய். நிறம் வந்து கையில் இறங்கும். பிரசங்கம் முடியும் வரை நீ கையை மூடமாட்டாய். பக்கத்தில் இருந்த நான் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்வேன்.

சூரியன் தெற்கே தள்ளத் தள்ள, அந்த வெளிச்சம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக நடுப்பாதையைத் தாண்டியது. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது முழுக்கப் பெண்கள் பக்கம் போய்விட்டது. அந்த ஞாயிறு, ஐயர் பிரசங்கத்தின் நடுவில் இருக்கும்போது, நீ எழுந்தாய். சபையே பார்க்க, பாதையைக் கடந்து போய், சுகந்தி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாய். எனக்கு மானம் போயிற்று. இந்த ஊரில் தாத்தா காலத்திலிருந்து ஆண்கள் வலது, பெண்கள் இடது. சுகந்தி மட்டும் உடனே நகர்ந்து இடம் விட்டாள். வரிசையாக எல்லாப் பெண்களும் நகர்ந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். ஊர் முன்னால் மரியாதை என்பதையெல்லாம் மறந்துவிட்டேன். "உனக்கு வெக்கம் மானம் ஏதாச்சும் இருக்குதாடா? பொம்பளைங்க நடுவுல போயி!"

"அவ அங்க உக்காந்துக்கினு இருக்கா. நான் இங்க உக்காந்துக்கினு இன்னா பண்றது?" என்றாய். கோபமே இல்லாமல் சொன்னாய். நான் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் அது நம் சபையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வெளிச்சம் பாதையைத் தாண்டினால் நீயும் தாண்டுவாய். மாற்றலாகி வந்த ஐயர்மார் முதல் வாரம் முழிப்பார்கள், இரண்டாவது வாரம் யாராவது சொல்லிவிடுவார்கள்.

நீ ஐப்பசி மழையில் போனாய். அவள் போன அதே காலம். அடக்கத்தன்று வானம் மூடிக்கிடந்தது, ஜன்னலில் ஒன்றும் இல்லை. எனக்கு வானத்தின்மேலேயே ஆத்திரம் வந்தது. மழை விட்டு, கிறிஸ்துமஸ் நெருங்கி, வெயில் அடித்த முதல் ஞாயிறு நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் தொடங்கியது. மார்த்தாளின் புடவை இறங்கி, பாதையைக் கடந்து, பெண்கள் பெஞ்சுக்குப் போயிற்று. அங்கே ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள், மாப்பிள்ளை. யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை என்று சுகந்தி பிறகு சத்தியம் செய்தாள். நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் பெண்கள், அந்த இடம் மட்டும் காலி. வெறும் பலகைமேல் நீலம் விழுந்து கிடந்தது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பாதை எவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். போய் உட்கார்ந்தேன். சுகந்தி என் பக்கம் திரும்பவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சட்டையில் நீலம் விழுந்தது, கையில் பச்சை விழுந்தது. உன்னைப் போலவே உள்ளங்கையை விரித்து வைத்தேன். இதமான சூடு இருந்தது அதில். இவ்வளவு நாளும் நீ அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து வெளிச்சம் தாண்டும் மாதங்களில் நானும் தாண்டுகிறேன். இப்போது வந்திருக்கிற ஐயர் சின்ன வயசு, கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு நாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "அண்ணே, ஆம்பளைங்க பக்கம் அவ்வளவு இடம் இருக்கே, நீங்க ஏன் அந்தப் பக்கம் போயி நெருக்கிக்கிட்டு உக்கார்றீங்க?"

"என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் அங்க உக்காந்துக்கினு இருக்காங்க, ஐயரே" என்றேன். "நடுவுல எனக்கும் கொஞ்சம் எடம் குடுத்துருக்காங்க."